அஞ்சல வீட்டுச் செவுரு

சித்திர 14, திங்க

நல்ல வெயிலு. சனிக்கெழம சாயங்காலம் அந்தச் சூறக்காத்து அடிச்ச வானம் இதுதானான்னு இருக்கு. பொம்மனஹள்ளிலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி ஏரிக்கோடி காலனி. தாலுக்கா ஆபீஸ் சார் கூட, காத்துல ஒடஞ்ச வீடுங்கள நஷ்டஈட்டுக்கு கணக்கெடுக்க. அவரு கன்னடக்காரரு. காலனில முக்காவாசி நம்ம தமிழாளுங்க, ரோசாத் தோட்டத்து வேல. டேப்பு புடிக்க, பேச, ரெண்டுக்கும் நான்.

தெருவுல கெழக்கு வரிச மட்டும் வாரிக்கிட்டு போயிருக்கு. எதுத்தாப்புல கொடில காஞ்ச துணி கூட விழல.

எழுதுனது: கூர ஷீட்டு பறந்த வீடு ஒம்போது. செவுரு சாஞ்சது நாலு. மாடு ஒண்ணு. விழுந்த வேப்பமரத்த சார் எழுதல, அதுக்கு ஃபாரத்துல எடம் இல்லியாம்.

ரெண்டு பொம்பளைங்க சண்ட.
"என் தண்ணி ட்ரம்ம குடுடி."
"காத்து கொண்டாந்து போட்டுச்சு. போயி காத்தக் கேளு."
சார் சிரிச்சாரு, நானும். அப்பறம் வாய மூடிக்கிட்டேன். அடுத்த வீடு சாவு வீடு.

அஞ்சலயோட புருசன் செல்வம். சனிக்கெழம காத்துல செவுரு அவன் மேல விழுந்து போய்ட்டான். நேத்து பொதச்சாங்க. கோயில்ல பம்ப மோளம் நல்லா அடிப்பான். போன திருவிழால அவன் அடிச்ச அடிக்கு சாமி வந்தவங்க எறங்கவே இல்ல. பூசாரியே போயி, போதும்பா, பொங்க ஆறுதுன்னாரு.

சார் அங்க போலாமான்னாரு. நான் தான், "வேணாம் சார், நாளைக்கி அவங்களுக்கு பால் ஊத்துற சடங்கு. முடியட்டும், புதங்கெழம அளக்கலாம்"ன்னேன். "ஆயித்து முனியப்பா, சரி"ன்னாரு. நல்ல மனுசன்.

15, செவ்வா

மேக மூட்டம். பின் தெரு அளந்தோம். ஒரு வீட்டு ஷீட்டு போன் டவர் மேல தொங்குது. இன்னும் எறக்கல. கீழ நின்னு வீட்டுக்காரன் காலைலேர்ந்து அதயே பாக்குறான். டீ வாங்கிக் குடுத்தேன்.

16, புதன்

என்னத்த எழுத.

அஞ்சல வீட்டுக்கு போனோம். வீடு இருந்த எடம் பெருக்கி, சாணி தெளிச்சு, பளிச்சுன்னு இருக்கு. மூலைல வெளக்கு. ஒரு செங்கல்லு இல்ல.

"மனே எல்லப்பா?"ன்னாரு சார். வீடு எங்கன்னு.

அஞ்சல சொன்னா: "மூணாம் நாளு அவுரு தொட்டது, பட்டது எதுவும் இருக்கக்கூடாதுன்னாங்கண்ணா. எல்லாத்தயும் ஏரிப் பள்ளத்துல கொட்டிட்டோம்."

நம்ம வழக்கம் எனக்கு தெரியாததா. எங்கப்பன் செத்தப்ப பாயி, தலகாணி எல்லாம் நான் தான் தூக்கிப் போட்டேன். செவுரும் அதுல சேரும்னு ஏன் தோணல.

சார் போன காமிச்சாரு. ஒடஞ்ச வீட்டு படம் ஏத்தாம ஃபாரம் மேல போவாதாம். "இப்ப எடுத்தா காலி சைட்டுன்னு விழும். நஷ்டஈட்டு லிஸ்ட்ல வராது. நாளைக்கி கடைசி நாளு." திங்கக்கெழமையே கேட்டாரு. நான் தான் நிறுத்துனேன்.

பஸ்ஸுல சீட்டு கெடச்சும் உக்காரல.

17, வியாழன்

மொத பஸ்ஸு. சார் வர பத்து மணி ஆவும். நேரா அஞ்சல கிட்ட போயி சொன்னேன், என் தப்பு தாம்மான்னு. பள்ளத்துலேர்ந்து திருப்பி எடுத்தாந்து, விழுந்தது விழுந்தாப்புல போடலாம்னேன்.

கொழுந்தன் மணி குதிச்சான். "வெளிய போட்டத உள்ள கொண்டாந்தா இன்னொரு சாவு வரும் அண்ணி."

"வர்றதுக்கு மொதல்ல வூடு வேணும்ல"ன்னா அஞ்சல. முந்தானைய சொருவிக்கிட்டு பள்ளத்துல எறங்குனா.

அப்பறம் மணியே சட்டி எடுத்துட்டு வந்தான். ட்ரம்மு சண்டக்காரிங்க ரெண்டு பேரும் வந்தாங்க. ஒருத்தி அள்ளிக் குடுக்க, ஒருத்தி தலைல தூக்குனா. பேச்சு மட்டும் கெடையாது.

கொட்டிட்டு நின்னோம். எப்பிடி கெடந்துச்சுன்னு தெரிஞ்சவ அவ ஒருத்தி தான.

"அங்க இல்லண்ணா, இந்தாண்ட. பெரிய செவுத்துத் துண்டு இங்க. இது அவுரு நெஞ்சு மேல கெடந்தது."

அந்தத் துண்ட யாரும் தூக்க வரல. அவளும் நானும் தூக்குனோம்.

சார் வந்தாரு. செங்கல்லுல ஈரச்சேறு, தாமரத் தண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. பாத்தாரு. என்னயும் பாத்தாரு. குனிஞ்சு அந்தத் தண்ட மட்டும் எடுத்து அப்பால போட்டாரு. படம் புடிச்சாரு.

"வீட்டுக்காரங்க ஒருத்தர் நிக்கணும்." அஞ்சல நின்னா. அந்தப் பெரிய துண்ட விட்டு ஒரு எட்டு தள்ளி.

அளக்கணும். டேப்பு ஒரு முனை எங்கிட்ட. மறுமுனைய மணி வாங்க வந்தான், அஞ்சல குடுக்கல. அவளே புடிச்சா. எழுத்து தெரியாது, நம்பர் தெரியும் அவளுக்கு.

"பதினோரு அடிங்க"ன்னா.

சார் எழுதிக்கிட்டாரு.