பவுண்ட் பதினெட்டு ஆகட்டும்

ஆர்.கே.புரம்,
புது டெல்லி.
31.10.1976

அன்புள்ள வள்ளிக்கு,

உன் அய்யாசாமி ஆசையோடு எழுதிக்கொள்வது. எப்போதும் வரும் நீல ஏரோகிராம் இல்லாமல் கனத்த கவராக வந்திருக்கிறதே என்று பதறாதே. நானும் பொன்னியும் நலம். உள்ளே ஒரு பொருள் வைக்க வேண்டியிருந்தது, அதனால்தான் கவர். என்ன பொருள் என்று கடைசியில் சொல்கிறேன். கடிதத்தைப் படிக்காமல் முதலில் அதைப் பிரித்துப் பார்க்கும் குணம் உனக்கு உண்டு. தயவுசெய்து பொறு.

இங்கே குளிர் எட்டிப் பார்க்கிறது. ரஜாய்ப் போர்வையை வெயிலில் காயப்போட்டு எடுத்துவிட்டேன். பொன்னிக்குப் பழைய ஸ்வெட்டர் மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொண்டது. ஆனாலும் அம்மா பின்னியது என்று வேறொன்றைத் தொட மாட்டேன் என்கிறாள். என் ரசம் உன் ரசத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று எதிர் குவார்ட்டர்ஸ் கோவிந்தம்மாள் அக்காவே சொல்லிவிட்டார். நன்றாகப் பொறாமைப்படு.

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. லண்டன் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ விமானம் ஏறியபோது ஒரு பவுண்டுக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அதை நம்பித்தான், இரண்டே வருஷத்தில் இங்கே பக்கத்து முனிர்காவில் ஃப்ளாட் வாங்கிவிடலாம் என்று கிளம்பினாய். இப்போது பதினைந்துகூட இல்லை. அதே வார்டு, அதே நைட் டூட்டி, ஆனால் உன் சம்பளம் டெல்லிக்கு வந்து சேரும்போது இளைத்துப்போய் வருகிறது. உனக்குக் கோபம் வருவது நியாயம்தான். எனக்கும் வருகிறது, யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சித்திரையில் நீ எழுதியிருந்தாயே, “பவுண்ட் மறுபடி பதினெட்டு ஆகட்டும், அம்மா ஓடி வந்துவிடுவேன்” என்று. அதைப் பொன்னிக்குப் படித்துக் காட்டினேன். அன்று பிடித்தது வினை. காலையில் பேப்பர் வந்ததும் பவுண்ட் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கிறாள். பால் பூத் வரைக்கும் விஷயம் பரவிவிட்டது. பாட்டிலை நீட்டும்போதே பூத்துக்காரர், “பாபுஜி, ஆஜ் பவுண்ட் கித்னா?” என்று அன்றைய விலையை விசாரிக்கிறார். சொன்னதும் உச்சுக் கொட்டுகிறார். நீ வருவாய் என்று இந்த செக்டரே பவுண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, போ.

கோவிந்தம்மாள் அக்கா சும்மா இருக்காமல், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தால் நினைத்தது நடக்கும், நடந்ததும் கோயில் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்று பொன்னிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உன் மகள் எந்தக் காசை முடிந்தாள் தெரியுமா? உன்னோடு வேலை பார்க்கும் சந்திரம்மாள் சிஸ்டர் லீவில் வந்தபோது, குழந்தை விளையாடட்டும் என்று நீ கொடுத்தனுப்பிய பத்துப் பென்ஸ் காசை! இது இங்கே செல்லாதே கண்ணு என்றேன். “நம்ம காசை வச்சா, எந்தப் பணம் ஏறணும்னு முருகனுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். எங்கள் செக்‌ஷன் ஆபீசருக்குக்கூட இந்தத் தெளிவு கிடையாது.

ஆனால் அவள் முடிந்துவைத்த நேரம், பவுண்ட் இறங்கிக்கொண்டே போயிற்று. போன வியாழக்கிழமை கந்த சஷ்டி. மலை மந்திர் முருகன் கோயிலில் நல்ல கூட்டம். அன்றைய பேப்பரிலும் பவுண்ட் சரிந்துதான் இருந்தது. பொன்னி பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, முருகனோடு டூ, மேலே வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். தூக்கிக்கொண்டு போய் குருக்களிடம் முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு, வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை என்றார். “பவுண்ட், ரூபாயெல்லாம் எதுக்குக் கொழந்தே? என்ன வேணுமோ அதை நேராக் கேளு” என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சந்நிதியைப் பார்த்துச் சத்தமாக, “பவுண்ட் நஹீ சாஹியே. அம்மா கோ பேஜ் தோ” என்றாள். பவுண்ட் வேண்டாமாம், அம்மாவை அனுப்பினால் போதுமாம். வள்ளி, அத்தனை பேர் நடுவில் நான் அழுதுவிட்டேன். எழுதவும் எனக்கு வெட்கமில்லை.

குருக்கள் சொன்னபடி நானும் நேராகவே கேட்டுவிடுகிறேன். எனக்கு நீ வேண்டும். ஃப்ளாட் இப்போது வேண்டாம். நான் ரிட்டயர் ஆகும்வரை இந்தக் குவார்ட்டர்ஸ் நமக்கு உண்டு. டெல்லியில் நர்ஸுக்கு வேலை கிடைக்காமல் போகாது. இன்றைக்குப் பவுண்ட் இறங்கியது என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டால், நாளைக்கு மறுபடி இறங்கினால் என்ன செய்வாய்? பொன்னி வளர்வதை எந்த பேங்க்கில் போட்டு வைக்க முடியும்? எத்தனை ரூபாய் வந்தாலும் அந்த ஸ்வெட்டர் இனி அவளுக்குப் போதாது. வந்து வேறு பின்னிக் கொடு.

இப்போது அந்தப் பொருளுக்கு வருகிறேன். அன்று அந்த முடிச்சையும் கோயிலுக்குக் கொண்டு வந்திருந்தாள்; வேண்டுதல்தான் மாறிவிட்டதே, அவிழ்த்து, காசை உண்டியலில் போடம்மா என்றேன். போட மாட்டேன் என்று கைக்குள் பொத்திக்கொண்டாள். சாமி அனுப்பினாலும் அம்மா அங்கே ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸில்தானே போக வேண்டும், இந்தக் காசு அங்கேதானே செல்லும் என்கிறாள். அதே மஞ்சள் துணியில் அவளே மடித்துக் கொடுத்தாள். இனி நீ பிரித்துப் பார்க்கலாம்.

வள்ளிக்காகக் காடு மேடெல்லாம் அலைந்த சாமி அவர். என் அவஸ்தை அவருக்குப் புரியும், உனக்கு வழித்துணையாக வருவார். லண்டனில் பஸ்ஸுக்குப் பத்துப் பென்ஸ் போதுமோ போதாதோ, எனக்குத் தெரியாது. நீயும் கணக்குப் பார்க்காதே. கையெழுத்துப் போடாமல் கிளம்பி வந்துவிடு.

இப்படிக்கு,
காத்திருக்கும் இருவரில் பெரியவன்,
அய்யாசாமி