சூரியன் மங்கவில்லை

யூலை 8, செவ்வாய்

மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று. கண் எரிச்சல். மன்னித்துக்கொள் கொப்பியே, ஆய்வுக் குறிப்புக்கு வாங்கிய உன்னில் சொந்தக் கதை எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

என் ஆய்வை மேற்பார்க்கும் ம. சேர் திங்கட்கிழமைக் கருத்தரங்குக்கு என் வரைபடத்தை எடுத்துவிட்டார். செய்மதி அளந்த சூரிய சக்தி. எட்டு மாத வேலை. தலைப்பின் கீழே அவர் பெயர் மட்டும். வாசலில் யாரிடமோ சொல்கிறார்: "அந்தப் பிள்ளை நல்லா ரைப் பண்ணும். தகப்பன் இறங்குதுறையில படகுக்குக் கயிறு கட்டுறவர்தானே." சிரிப்பு.

என் பெயரையும் போடுங்கோ என்று கேட்கப் போனேன். "கதவைச் சாத்தவா சேர்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

யூலை 9, புதன்

அவர் எடுத்தது பழைய கோப்பு! திருத்தாதது.

செய்மதியில் இரண்டு உணரிகள். ஒன்று தினமும் சூரியனைப் பார்க்கும். பார்த்துப் பார்த்தே பழுதாகி, அளவைக் குறைத்துக் காட்டும். மற்றது மூடியே இருக்கும். எப்போதாவது திறந்து, முதலாவது எவ்வளவு கெட்டுவிட்டது என்று ஒப்பிடுவார்கள். அதைத் திருத்தாவிட்டால், சூரியனே வருடாவருடம் மங்குவதுபோல் கோடு இறங்கும்.

சேரின் கோடு இறங்குகிறது. அழகாக.

ரிஃபாயா, பக்கத்து மேசை, கிண்ணியாக்காரி: "சொல்லப் போறியா புள்ள?"

"இல்ல."

"அல்லாஹ்! வாயில்லாத பிள்ளையெண்டு நினைச்சன். பாம்பெல்லோ நீ!"

சந்தோஷமாக இருந்தது.

யூலை 11, வெள்ளி

வாங்க: சவர்க்காரம், அப்பாவின் கண் மருந்து.

சேர்: "கோடு சரிதானே பிள்ளை?"

"ஓம் சேர்."

கருத்தரங்குக்குக் கொழும்பிலிருந்து வரும் பேராசிரியை பிழையை ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். எல்லார் முன்னாலும். நான் முன்வரிசையில் இருப்பேன். நீலச் சட்டை.

யூலை 12, சனி

வேலிக்குள் மான். கீரை முழுக்கப் போய்விட்டது.

சேர் வட்சப்பில் அழைப்பிதழ் அனுப்பினார். வரைபடமும் அதில். கீழே: தயாரித்தவர், என் பெயர். அப்பாவின் பெயரோடு. "இப்ப சந்தோஷம்தானே?" என்று ஒரு வரி. அன்று நான் கேட்க வந்தது அவருக்கு விளங்கியிருக்கிறது. இனிப் பிழை என்னுடையது.

அப்பா பார்த்துவிட்டார். "எங்கட பேரெல்லோ மகள்! இதை என்ர போனுக்குப் போடு. மூதூர்ப் படகுக்காரருக்குக் காட்ட வேணும்."

திருத்திய கோப்பு என்னிடம் இருக்கிறது. அனுப்பினால் அவர் தப்பிவிடுவார். அனுப்ப மாட்டேன்.

கோடு பிழையென்று அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மூன்று தரம் எழுதி அழித்து, நாலாம் தரம் சேருக்கு அனுப்பினேன்:

"சேர், அந்தப் படத்தில இருந்து என்ர பெயரை எடுத்துவிடுங்கோ."