வண்டிகளைக் கவனிக்க மாட்டேன்

12 ஆகஸ்ட் 2008, செவ்வாய். குருபரப்பள்ளி.

காலையிலிருந்து தூறல். தூறினால் தார்ப்பாய் ஓடும். பத்து மணிக்குள் நாலு போனது. கயிறு இரண்டு கட்டு.

பதினொன்றுக்குப் போலீஸ்காரர். பதினைந்தாம் தேதி வருகிறதாம், கடை கடையாகச் சோதனை. வேறு எதையும் தொடவில்லை. நேராக என் நோட்டை எடுத்தார். லாரி நம்பர், வரும் நேரம், போகும் திசை, தார்ப்பாய் அளவு. ஆறு வருடத்து நோட்டு.

"யாருக்குய்யா இதெல்லாம் எழுதற?"

எனக்குத்தான் என்றேன். எந்த வண்டி எந்தக் கிழமை வரும் என்று தெரிந்தால் முன்னாலேயே வெட்டி வைக்கலாம். நம்பர் எழுதினால் மனசும் அமைதியாக இருக்கும். இரண்டையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லியிருக்கக் கூடாது என்கிறாள் நசீமா.

"எந்த ஊரு?"

மன்னார், இலங்கை. ராமநாதபுரம் என்று சொல்லச் சொல்லி நசீமா கல்யாணமான நாளிலிருந்து படிப்பிக்கிறாள். வாயில் வருவதில்லை.

"சிலோனா? அப்ப புலியா?"

தொண்ணூறில் முஸ்லிம்கள் என்று புலிகள்தான் எங்களைத் துரத்தினார்கள் என்றேன்.

"அப்ப மத்ததா?"

மற்றது எது? அகதிப் பதிவுக் காகிதத்தைக் காட்டினேன். "கண்ணப் பாத்துப் பேசுய்யா" என்றார். கண்ணைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. சட்டையைப் பார்த்தேன். மூன்றாவது பட்டன் இல்லை. சொன்னேன். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

13, புதன். மழை இல்லை. வியாபாரம் மந்தம்.

நோட்டைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்? பக்கத்து டீக்கடை மாதேஷிடம் கேட்டேன், நீங்களா என்று.

"கேட்டாங்க பாய், சொன்னேன். நம்பர் எழுதறீங்கதான? தப்பா நெனைக்காதீங்க."

எழுதுகிறேன்தான். அவர் சொன்னது உண்மை. தப்பு எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் இன்று டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். ஏன்?

மாலை, கட்டட ஓனர் கிருஷ்ணப்பா. "நீ தங்கமான ஆளுப்பா. சனிக்கெழம கடைய காலி பண்ணிடு."

தங்கமான ஆள் எதற்குக் காலி பண்ண வேண்டும்? கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தார். "நாலு பேரு ஒரு மாதிரி பேசறாங்கப்பா." எந்த நாலு பேர்? பெயர் கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

சைக்கிளில் கயிறு விற்ற காசில் வந்த கடை. இதை விட்டால் மறுபடி சைக்கிள்தான்.

போன வருடம் பெங்களூரில் மகளைக் காட்டிய டாக்டர், என்னிடமும் கேள்வி கேட்டுவிட்டு ஆட்டிசம் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே சொல். அதைக் கிருஷ்ணப்பாவிடம் சொல்லட்டுமா என்றேன்.

நசீமா: "வேணாங்க. பாய், சிலோன்காரன், இதுவே போதும். மூணாவதா ஒண்ணு எதுக்கு?"

14, வியாழன்.

நசீமா போய்ப் பேசியிருக்கிறாள். கிருஷ்ணப்பா இறங்கி வந்தார். எழுதிக் கொடுத்தால் இருக்கலாமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "இனிமேல் ரோட்டில் போகும் வண்டிகளைக் கவனிக்க மாட்டேன், நம்பர் எழுத மாட்டேன்." கையெழுத்து. சாட்சி மாதேஷ்.

"சும்மா ஒரு பேப்பருப்பா, ஸ்டேஷன்ல காட்டறதுக்கு" என்றார். சும்மா என்றால் எதற்குக் கையெழுத்து?

வாங்க வேண்டியது: சாக்கு ஊசி, நைலான் நூல், மகளுக்கு நீல பென்சில் (நீலம் மட்டும்).

15, வெள்ளி. வெயில்.

டீக்கடை முன் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு.

கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். மாதேஷ் வந்து சிரித்தார். "அட, என்னா பாய் இது! லாரிக்காரனுக்கு விக்கிற ஆளு லாரியப் பாக்காம எப்பிடி?"

சாட்சி போட்டவர் அவர்தான்.

ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பும் நேரம். பின்னால் இரட்டை ஹாரன், இரண்டாவது கொஞ்சம் கரகரப்பு. சேலம் செல்வராஜ் வண்டி. வெள்ளிக்கிழமை வண்டி, பதினெட்டுக்கு இருபத்துநாலு அடித் தார்ப்பாய். வெட்டி வைக்கவில்லை.

திரும்பவில்லை. காதில் விழுவது கவனித்ததில் சேருமா? பேப்பரில் அது இல்லை.