லெஸ்லிக்கு ஒரு மரண அறிவித்தல்

நவம்பர் 7, வெள்ளி
மழை, நடுவில் பனி. கராஜ் கதவு பாதியில் நிற்கிறது. ஆள் கூப்பிட வேண்டும்.

கனடாவின் இந்த ஸ்ரௌவ்வில் ஊருக்குக் குடிவந்து ஐந்து மாதம். எங்கள் வீதிப் பெயர் யாருடையது என்று இன்றுதான் பூங்கா மூலைப் பலகையில் வாசித்தேன். லெஸ்லி. அவுஸ்திரேலியப் பெடியன். இரண்டாம் உலகப் போருக்கு விமானம் ஓட்டப் பழக இந்தப் பக்கம் வந்தவன். பழகி இங்கிலாந்து போய், சண்டை விமானத்தோடு கடலில் விழுந்தான். ஒரே மகன். வயது 21. உடல் கிடைக்கவில்லை.

மனைவி யோகாவிடம் சொன்னேன்.

“ஊரிலை விமானச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ளை பாய்ஞ்ச சனம் நாங்கள். கடைசியிலை பொம்மர்காரன்ரை பேரிலை வீடு வாங்கியிருக்கிறியள்.”

“இவன் குண்டு போடேல்லையப்பா. போட வந்தவங்களைத் துரத்தினவன்.”

“உங்களிட்டை வந்து சொன்னவனோ?”

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணி வரவில்லை.

நவம்பர் 8, சனி
வெயில், சும்மா பேருக்கு. இருபது வருடமாக இங்குள்ள தமிழ் வானொலிக்கு மரண அறிவித்தல் எழுதுகிறேன். ஒரு மருமகனின் பெயரைக்கூட விட்டதில்லை. விட்டால் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். பதினொன்றாம் தேதி போரில் இறந்தவர்களின் நினைவு நாள். லெஸ்லிக்கும் ஒன்று எழுதினால் என்ன?

“அவுஸ்திரேலியாவைப் பிறப்பிடமாகவும் கனடாவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட லெஸ்லி அவர்கள் காலமானார்.” அன்புக் கணவரும் - இல்லை. பாசமிகு தந்தையும் - இல்லை. மைத்துனர், சகலன் - தெரியாது. மூன்று வரியில் முடிந்துவிட்டது. நான் எழுதியதிலேயே சின்னது. கவலையாக இருந்தது. ஆனாலும் வானொலிக்கு அனுப்பினேன்.

நவம்பர் 10, திங்கள்
கராஜ்காரன் வரவில்லை. வானொலிப் பிள்ளை போன் எடுத்தாள்.

“அங்கிள், தகவல் எண்டு ஒருத்தற்றை பேரும் இல்லை. உறவுக்காரர் இல்லாமல் வாசிக்கேலாது.”

“என்ரை பேரைப் போடு பிள்ளை.”

“என்ன உறவு?”

“அவற்றை வீதியிலை இருக்கிறம்.”

“அது உறவில்லை அங்கிள். சித்தப்பா எண்டு போடட்டோ?”

“போடு.”

யோகாவிடம் மூச்சு விடவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்
பனி கொட்டுகிறது. காலையில் வாசித்தார்கள். அப்போதுதான் உறைத்தது: காலமான வருடத்தைப் போடவில்லை. இருபது வருடத்தில் முதல் பிழை.

போன் ஓயவில்லை.

“மானிப்பாய் மாஸ்டற்றை பெடியன் லெஸ்லியோ?”

“பார்வைக்கு எங்கை வைக்கிறியள்? மிசிசாகா மாதிரித் தூரமெண்டால் ஆராவது வந்து என்னைக் காரிலை ஏத்துங்கோ.”

என் மச்சான்: “எனக்குத் தெரியாமல் உனக்கெங்கை அவுஸ்திரேலியாவிலை ஒரு தமையன்?”

யோகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். முகம் சரியில்லை.

மதியம் பக்கத்து ஊரான யூனியன்வில்லிலிருந்து பரமேஸ் அன்ரி, அந்தப் பனியிலும் கார் ஓட்டிக்கொண்டு, செத்தவீட்டுக்குச் சாப்பாடு என்று இடியப்பமும் சொதியுமாக வந்தார். வாசலிலேயே அழுகை. உள்ளே அடுப்பில் ஆட்டிறைச்சி கொதிக்கிறது. செத்தவீட்டில் ஆட்டிறைச்சி வாசம்! மானம் போனது.

யோகா போட்டு உடைத்தாள். “அன்ரி, அந்தப் பெடியன் செத்து எண்பது வருசமாச்சு. இது இவற்றை விசர் வேலை.”

அன்ரி மூக்கைத் துடைத்தார். “அப்ப இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளைக்கெண்டு ஒருத்தரும் சாப்பாடு கொண்டு வரேல்லையோ?”

யோகா உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள். “இண்டைக்கு மரக்கறிதான்.”

மறுபடி போன். நான் எழும்ப முன்னம் அவளே எடுத்தாள்.

“ஓம், லெஸ்லி வீடுதான். சித்தி கதைக்கிறன்.”