நெல்மேல் விரித்த முகம்

கொடியில் உன் பேனர் காய்கிறது. ஃப்ளெக்ஸ் வாடையோடு ஈர நெல் வாடையும் சேர்ந்து வீடு முழுக்க நிற்கிறது. தையல் மெஷினை மூடிவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

நீடாமங்கலத்தில் விழா முடிந்த பேனர்களை அவிழ்த்து வந்து நாம் பை தைக்கத் தொடங்கியபோது ஊரே சிரித்தது. கல்யாணப் பேனர் சந்தைப் பை ஆனது. கட்சிப் பேனர் சைக்கிள் சீட்டுக்கு உறையானது. உள்ளே உரச்சாக்கைக் கொடுத்துத் தைத்தால் அரிசி கனம் தாங்கும் என்று கண்டுபிடித்தவள் நீதான். "மாப்பிள்ளை மீசைய அடியில வச்சுத் தைடி, தேயட்டும்" என்பாய். கண்ணீர் அஞ்சலிப் பேனர் என்றால் மட்டும் நான் தயங்குவேன். "செத்தவங்க சண்டைக்கா வரப்போறாங்க?" என்று கத்திரியைப் பிடுங்கிக்கொள்வாய்.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய், கருமாதியும் முடிந்த மறுநாள், உன் தம்பி உன் அஞ்சலிப் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். "வீட்ல இருந்தா அம்மா சாப்பிடவே மாட்டேங்குதுக்கா." வெட்டவும் மனமில்லாமல், விரிக்கவும் மனமில்லாமல் மெஷினுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன்.

நேற்று மதியம் வானம் இருட்டியதும் அவனே அதைக் கேட்டு ஓடிவந்தான். கொள்முதல் நிலையத்து வெட்டவெளியில் உங்கள் நெல் குவிந்து கிடந்தது. இருந்த தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் எட்டியது. இந்த நெல்லும் நனைந்து முளைவிட்டால் உன் அம்மாவால் அடுத்த நடவு நட முடியாது.

நானும் கூடவே ஓடினேன். குவியலருகே பேனரைப் பிரித்ததும் அம்மா குறுக்கே வந்து விழுந்தார்.

"எம்பொண்ண மழையில போடாதடா!"

"நெல்லு போயிடும்மா."

"போவட்டும்."

தம்பி என்னைப் பார்த்தான். நீயாக இருந்தால் சிரித்துக்கொண்டே விரித்திருப்பாய். எனக்கு அது வரவில்லை.

"முகத்தைக் கீழ திருப்பிப் போட்டுரலாம்மா" என்றேன்.

"அதுக்கு மூச்சு முட்டும் பாப்பா."

தூறல் விழத் தொடங்கியது. அம்மா குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனரிலிருந்து கையை எடுத்தார். முகம் மேலே தெரியும்படியே விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்தோம். மழை வலுத்ததும் எல்லோரும் கொட்டகைக்கு ஓடினோம். அம்மா மட்டும் வரவில்லை. குவியலருகே நின்று, உன் முகத்துக்கு மேலே குடையை நீட்டிப் பிடித்தபடி, தான் நனைந்தார். மழை விடும்வரை யார் கூப்பிட்டும் அசையவில்லை.

நெல் தப்பித்துவிட்டது.

இன்று காலை வேறொரு அஞ்சலிப் பேனர் வந்தது. யாரோ ஒரு பெரியவர். தரையில் விரித்துப்போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு முகத்தை விட்டுச் சுற்றிலும் வெட்டினேன். உன் குரல் கேட்கிறது, "இவ்வளவு வீணாக்கினா எப்புடிடி பை வரும்?"