குமாரிக்காகப் போட்ட கையெழுத்து

பூம்பாறை,
12.3.2025

அன்புள்ள சுபஸ்ரீக்கு,

அண்ணி முருகேஸ்வரி எழுதுவது. இங்கே உன் அண்ணன், நான், குமாரி மூன்று பேரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? ஐதராபாத்தில் வெயில் ஆரம்பித்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். மோர் நிறையக் குடி. ஆய்வுக்கூடத்து ஏசியில் உட்கார்ந்து கொண்டு வேளைக்குச் சாப்பிடாமல் கிடக்காதே.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். குமாரியின் ரத்தமும் மூக்கின் உட்புறத்துச் செல்களும் எடுக்க நாங்கள் சம்மதம் தரும் படிவத்தைக் கையெழுத்துப் போட்டுத் தபாலில்தான் அனுப்ப வேண்டுமாம். உங்கள் ஆய்வுக்கூடத்து ஞானவேல் சார் சொன்னார். நீ எங்கள் வீட்டுப் பெண் என்பதால் உன் வாயால் சம்மதம் கேட்கக் கூடாதாம். அவரேதான் கேட்க வேண்டுமாம். முக்கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். படிவத்தோடு இதையும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதுவுமில்லாமல், போன் என்றால் உன்னிடம் சண்டை போடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இரண்டு வருடமாக மாட்டேன் என்று சொன்னவள் நான். என் பிள்ளை என்ன உங்களுக்குச் சோதனை எலியா என்றுகூடக் கேட்டேன். நான் உன் மேல் கோபப்பட்டது அதோடு மட்டும் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்று அதையும் எழுதிவிடுகிறேன்.

நம் வீட்டு வழக்கப்படி நான் மாமன் மகனான உன் அண்ணனைக் கட்டினேன். பெண் கொடுத்த வீட்டில் பெண் எடுப்பது என்று பேசி, உன்னை என் தம்பி கோகுல்ராஜுக்கு என்று முடிவு செய்தார்கள். நீ படிக்க வேண்டும் என்று சொல்லி முடியாது என்றாய். ஊரே கூடி உன்னைத் திட்டியது. எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டியவள் நான்தான். என் தம்பியை அவமானப்படுத்திவிட்டாய் என்று மூன்று வருடம் உன்னோடு பேசவில்லை.

அப்புறம் குமாரி பிறந்தாள். கைக்குழந்தையிலேயே ஓயாத சளி. எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு தேறவில்லை. முத்தம் கொடுத்தால் நெற்றி உப்புக் கரித்தது. செவ்வாயும் வெள்ளியும் நான் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறேனே, அந்த உப்புதான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். கண் பலமாக விழுந்திருக்கிறது, அதனால்தான் உப்பு போகாமல் நிற்கிறது என்று இன்னும் இரண்டு பிடி சேர்த்துச் சுற்றினேன். இப்போது நினைத்தால் என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பொங்கலுக்கு நீ வந்தாய். நான் கொடுக்காமலே குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாய். முகம் மாறி என்னைப் பார்த்து, “அண்ணி, இது சுத்திப் போட்ட உப்பு இல்லீங்க, இவ வேர்வையில இருந்து வருது. வெரசா மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க”ன்னு சொன்னாய். கல்யாணம் வேண்டாமென்று போனவள் என் பிள்ளைக்குக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று நான் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஐந்து மாதம் வீம்பாக இருந்தேன். குமாரிக்கு மூச்சு முட்டிய பிறகுதான் மதுரைக்குப் போனோம். வியர்வையைச் சோதித்துப் பார்த்து, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று டாக்டர் சொன்னார். அந்த ஐந்து மாதத்துக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடு சுபஸ்ரீ.

ஒரே தாத்தாவிடமிருந்து எனக்குப் பாதி, உன் அண்ணனுக்குப் பாதி என்று வந்த பிழை இது, யார் குற்றமும் இல்லை என்று நீ சொன்னாய். அன்று நீ கோகுல்ராஜைக் கட்டியிருந்தால் உன் மடியிலும் இப்படி ஒரு குழந்தை இருந்திருக்கலாம். அதை நீ ஒரு நாளும் எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை. நானாகத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து உன்மேல் எனக்கு மரியாதை வந்தது. வயதில் சின்னவள்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

நீ செய்கிற வேலை எனக்குப் புரிந்தது எப்போது தெரியுமா? என்சைம் என்றால் குமாரி சோற்றோடு விழுங்கும் கேப்ஸ்யூல் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். போன மாதம் நீ போனில் பொறுமையாகச் சொன்னாய். உப்பும் நீரும் போய்வர உடம்பில் ஒரு கதவு உண்டு, அது ஒரு புரதம், குமாரியின் உடம்பு அதைச் செய்யாமல் இல்லை, கொஞ்சம் கோணலாகச் செய்கிறது என்றாய். கோணலைக் கண்டதும் செல்லே அதன்மேல் கழிவு என்று ஓர் அடையாளத்தை ஒட்டி நொறுக்கிவிடுகிறது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருந்தால் அந்தக் கோணல் கதவு பாதியாவது திறந்திருக்கும். ஒட்டிய அடையாளத்தைப் பிய்த்தெடுக்கும் என்சைம்களும் அதே உடம்பில் இருக்கின்றன, அதில் சரியான ஒன்றைத் தேடிக் கதவின் பக்கத்தில் நிறுத்த முடியுமா என்று பார்க்கிறோம் என்றாய்.

அப்போது நான் பூண்டு பிரித்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் கோணலும் சிறிசுமாக இருப்பதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துக் கழிவுக் கூடையில் எறிவார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் அதில் கைவிட்டு, பல் கெட்டியாக இருப்பதை மட்டும் பொறுக்கி விதைக்கு எடுத்து வைப்பேன். முளைக்காமல் போனதில்லை. என் கை செய்கிற வேலையைத்தான் உங்கள் என்சைம் செய்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று சிரித்தாய். அப்படியென்றால் அழுகலையும் அது சேர்த்துக் காப்பாற்றிவிடாதா, ஒரு அழுகல் மொத்தப் பூண்டையும் கெடுத்துவிடுமே என்றேன். அதற்கு நீ, “அண்ணி, எங்க மீட்டிங்ல எங்க சாரு கேட்ட கேள்வி இது. சில புற்றுநோயில அப்படித்தான் ஆகுதுங்க, காப்பாத்தக் கூடாததைக் காப்பாத்திருது”ன்னு சொன்னாய். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உன் அண்ணனிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

அந்த என்சைம்கள் நூறு போல இருக்கின்றனவாம். மரபணுவை வெட்டித் திருத்தி ஒவ்வொன்றாக முடக்கி, எது இல்லாவிட்டால் கதவு வேகமாக அழிகிறது என்று பார்க்கிறீர்களாம். ஒன்றரை வருடத்தில் பாதிக்கு மேல் முடக்கிப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை என்று சாதாரணமாகச் சொன்னாய். செல்லுக்குத் தீனி மாற்ற வேண்டும் என்று இந்தப் பொங்கலுக்குக்கூட வரவில்லை. மாடு வைத்திருப்பவளுக்கும் இதே கதைதான், எனக்குத் தெரியாதா? ஒரு தடவை பூண்டு விளையவில்லை என்றால் நாங்கள் மலையே இடிந்ததுபோல உட்கார்ந்துவிடுவோம். நீ ஐம்பது தடவை வீணாய்ப் போனதற்குப் பிறகும் ஐம்பத்தொன்றாவதைப் போடுகிறாய். இந்தத் திடம் உனக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் பக்கத்து ரத்தம் என்றுதான் நான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

குமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். காலையும் மாலையும் முதுகைத் தட்டி, ஆவி மருந்து கொடுத்துச் சளியை எடுக்கிறோம். புகை அவளுக்கு ஆகாது என்று உன் அண்ணன் பூண்டு கெடாமலிருக்கப் புகை போடுவதைத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். போன மாதம் எட்டு நாள் மதுரையில் படுத்திருந்தாள். அதற்கு முந்தைய தடவையைவிட இந்தத் தடவை தேற அதிக நாள் ஆனது. வெளிநாட்டில் இந்த நோய்க்கு நல்ல மாத்திரை வந்திருக்கிறது, ஆனால் குமாரியிடம் இருக்கும் பிழை அபூர்வமானது, அந்த மாத்திரை இதற்குக் கேட்பதில்லை என்று டாக்டர் சொன்னார். மற்றபடி பள்ளிக்கூடத்தில் அவள்தான் வாயாடி.

நான் மனம் மாறியது எதனால் என்று ஞானவேல் சார் கேட்டார். அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் குணமாகிவிடும் குணமாகிவிடும் என்றுதான் சொல்கிறார்கள். நீ ஒருத்திதான், “அண்ணி, இது நம்ம குமாரிக்கு வந்து சேரும்னு நான் சொல்ல மாட்டேங்க. பத்து வருசம் ஆகலாம், வராமலே போகலாம்”ன்னு சொன்னாய். பொய் சொல்லாத ஒருத்தி கையில் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான்கு பக்கம் மளமளவென்று கையெழுத்துப் போட்டோம். குமாரிக்கும் படம் போட்ட ஒரு தாள் வைத்திருந்தீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் சம்மதம் கேட்கிறீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ராஜகுமாரி என்று முழுப் பெயரையும் பெரிசாக எழுதியிருக்கிறாள். அவளிடமிருந்து துளி எடுத்து அத்தை ஒரு பெட்டியில் வளர்க்கப் போகிறாள் என்று சொன்னேன். “அதுக்கும் சளி பிடிக்குமாம்மா?” என்று கேட்டாள். பிடிக்காதபடி ஒரு பாதியை அத்தை திருத்திவிடுவாள் என்றேன். அப்படியென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

ஐந்தாம் பக்கத்தில்தான் என் கை நின்றுவிட்டது. செல் கொடுத்தவர் பின்னாளில் உயிரோடு இல்லாவிட்டாலும் ஆய்வைத் தொடரலாமா, ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறீர்கள். மூன்று நாள் அந்தத் தாளை அரிசிப் பானைக்குள் மடித்து வைத்திருந்தேன். நேற்று உன் அண்ணன் தோட்டத்துக்குப் போனவர் மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. இன்று காலை குமாரியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, “நீ போடு முருகேசு, என்னால முடியல”ன்னு சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆமாம் என்ற கட்டத்தில் போட்டுவிட்டேன். அந்த நாள் வரக் கூடாது சுபஸ்ரீ. வந்தாலும் நீ நிறுத்தக் கூடாது. அவளுக்கு நீ எப்படி அத்தையோ, அந்தப் பெட்டியில் இருப்பதற்கும் நீதான் அத்தை. அதைப் பட்டினி போட்டுவிடாதே.

உன் கண்ணும் கையும் நீண்ட நாள் திடமாக இருக்க வேண்டும் என்று நம் ஊர்க் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுக்கொண்டு,

உன் அண்ணி,
முருகேஸ்வரி