நான் வெட்டிய இரண்டாவது பங்கர்

மாமா,

பக்கத்து வளவில் மலசலகூடத்துக்குக் கிடங்கு வெட்டுகிறார்கள். காலையிலிருந்து ஈரக் களிமண்ணின் மணம் வேலியைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. யன்னலைச் சாத்தினேன். பிறகும் வந்தது. வவுனியாவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் அந்த மணம் என்னை ஒட்டுசுட்டானுக்கு இழுத்துக்கொண்டு போய், கையில் மண்வெட்டியோடு ஒரு வளவின் மூலையில் நிறுத்திவிடுகிறது. முந்தாநாள் உங்கள் நாலாவது திவசம். அன்று இந்த வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

முதலில் ஒன்று. உங்கள்மேல் எனக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். சண்டையில் வட்டக்கச்சியிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு இடம்பெயர்ந்த நாளில், உழவு மெசின் பெட்டியில் நான் ஏற்றிய இரண்டு புத்தகப் பெட்டிகளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் விதைநெல் மூட்டைகளை ஏற்றினீர்கள். "புத்தகம் முளைக்காது, வாத்தியார்" என்றீர்கள். ஒழுங்கையில் நின்ற சனம் சிரித்தது. அந்த நெல்லை நாங்கள் விதைக்கவில்லை. குற்றித்தான் தின்றோம். அதைத் தின்றுதான் அந்த மாரியைக் கடந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள இப்போதும் எனக்கு விருப்பமில்லை.

யாழ்ப்பாணத்தில் எனக்கென்று ஒரு படலை, ஒரு குசினி இருந்தது. கலியாணம் கட்டியவன் தன் பாட்டில் தனியே இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்தவன் நான். ஒட்டுசுட்டானில் கிடுகால் வேய்ந்த ஒரே கொட்டிலுக்குள் நீங்கள், உங்கள் மகள் சாந்தி, எங்கள் பிள்ளை பானு, நான். உங்கள் இருமலும் உங்கள் சுருட்டும் என் தலைமாட்டில். ஆனால் சாந்தி மலேரியாவில் மாதத்துக்கு ஒருமுறை விழுந்தபோது, மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு நான் சைக்கிளில் போய்விட்ட பிறகு, கஞ்சி காய்ச்சியது நீங்கள். பானுவுக்குக் கோணல் உச்சி பிரித்துத் தலை இழுத்துவிட்டது நீங்கள். தனிக்குடித்தனமாக இருந்திருந்தால் அந்த மாதங்களில் பிள்ளையை யாரிடம் விட்டிருப்பேன்? ஒருவரிடமும் விட்டிருக்க முடியாது. அது தெரிந்தும் உங்களிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

வந்த முதல் வாரமே, விமானக் குண்டுக்குப் பதுங்க வாசலோரம் பங்கர் வெட்டினீர்கள். நாலு பேருக்கும் ஒன்று. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்று சொன்னேன்:

"மாமா, எல்லாரும் ஒரே குழிக்குள்ள இருக்கேக்க மேல விழுந்தா ஒருத்தரும் மிஞ்ச மாட்டம். ரண்டு வெட்டுவம். பானு என்னோட, சாந்தி உங்களோட."

நீங்கள் சுருட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. "மிஞ்சிற ஆள் பிறகு என்ன செய்யிறதாம்?"

"உயிரோட இருக்கிறது."

"அதுக்குப் பேர் இருக்கிறதோ, தம்பி? இருந்தா எல்லாரும் இருப்பம்."

படிக்காத கதை என்று நினைத்தேன். வளவின் மறுகரையில், நீங்கள் ஆடு கட்டும் இடத்துக்குக் கிட்ட, ஒரு குண்டு இரண்டு குழியையும் எடுக்காத தூரம் பார்த்து, எனக்கென்று ஒன்று வெட்டினேன். முதல் மழைக்கே முழங்காலளவு தண்ணீர். "சாந்தி, உன்ர மனிசன் மீன் வளர்க்கப் போறாராமடி!" என்று கத்தினீர்கள். அவள் சிரித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரை இறைத்தேன், வாசலை உயர்த்தினேன். பின்னேரங்களில் பானுவுக்குப் பழக்கினேன். குண்டு விமானம் வந்ததுபோல "கிபிர்!" என்று நான் கத்தினால் அவள் எங்கே நின்றாலும் என் குழிக்கு ஓடவேண்டும். "அம்மப்பான்ர குழிக்கு இல்லை, அப்பான்ர குழிக்கு." இருபது முறை ஓடவிட்டிருப்பேன். கெட்டிக்காரி, ஒருமுறையும் பிழைவிடவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம் எந்தக் குழிக்கு ஓடுவதென்று மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கணக்குப் படிப்பித்தவன் நான்.

அன்று சங்கக்கடையில் நிவாரண வரிசையில் நின்றேன். இரண்டு கிபிர் தலைக்குமேலால் போயின. எல்லோரும் நிலத்தில் விழுந்தோம். சத்தம் எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அரிசிப் பையைப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். அவை திரும்பி வந்து மறுபடி போட்டதைப் பாதி வழியில் கேட்டேன். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் புகையும் மண்ணும். இறங்கி ஓடினேன்.

என் குழியின் வாசலில் நீங்கள் இருந்தீர்கள். முதுகு வெளியே, முகம் உள்ளே. வாசலை உங்கள் உடம்பாலே அடைத்திருந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் பானு கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அவளில் ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் இடுப்புக்குக் கீழே சாரம் முழுக்க இரத்தம்.

"சாந்தியை அங்க இறக்கிப்போட்டுப் பாத்தன்," என்றீர்கள் மெதுவாக. "இவள் இஞ்ச தனிய இருந்தவள்."

அதற்குள் சாந்தி மற்றக் குழியிலிருந்து காய்ச்சல் நடுக்கத்தோடு ஏறி வந்துவிட்டாள். "ஐயோ அப்பா, என்னத்துக்கு வெளியில வந்தனீங்கள்?" என்று குழறினாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், மாமா. பிறகு அவளைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"இவளையும் கூட்டிக்கொண்டு ஆட்டை அவிழ்க்கப் போனனான், பிள்ளை. கிட்ட எண்டு இதுக்குள்ள வந்திட்டன்."

உழவு மெசினில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. நீங்கள் பானுவைத் தேடித்தான் என் குழிக்கு வந்தீர்கள் என்று நான் சாந்திக்குச் சொல்லவில்லை. பானுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டாமென்று குழிக்குள்ளேயே அவளிடம் நீங்கள் சொல்லியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். என்னிடம் கேளாமலே எனக்காக ஒரு பொய் சொன்னீர்கள். நாலு வருடமாக நாங்கள் மூன்று பேரும் அந்தப் பொய்க்குள் ஒரே குடும்பமாகச் சீவித்தோம். இதற்காகவும் உங்கள்மேல் எனக்குக் கோபம்.

முந்தாநாள் படையல் முடிந்து இலை போட்டிருந்தது. உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. வந்திருந்த அயலவர் ஒருவர் உங்களைப் பற்றிக் கேட்டார். சாந்தி வழக்கம்போலச் சொன்னாள்: "அதை ஏன் கேக்கிறியள்? ஒரு ஆட்டுக்காகச் செத்த மனிசன். எங்களைவிட அவருக்கு ஆடுதான் பெரிசு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பானு அப்பளத் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மனிதர் சாப்பிட்டுப் போகும்வரை தாக்குப்பிடித்தேன். பிறகு குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

சாந்தி அழுவாள் என்று நினைத்தேன். கையைக் கழுவித் துடைத்தாள்.

"வெட்டினதுக்கு நான் உங்களில கோவிக்கேல்ல," என்றாள். "நாலு வரியமா அப்பாவை ஏசினனான். நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். என்னை ஏச விட்டிட்டியள்."

அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள்.

"எவ்வளவு தூரம்?" என்றாள்.

"என்ன?"

"அந்தக் குழிக்கும் இந்தக் குழிக்கும். நடந்து காட்டுங்கோ."

முற்றத்தில் இறங்கிக் கிணற்றடியிலிருந்து கவடு வைத்து நடந்தேன். பதினாலாவது கவட்டில் நின்றேன். அவள் வாசற்படியில் நின்று தொடக்கத்தையும் முடிவையும் மாறிமாறிப் பார்த்தாள். ஓடினால் மூன்று நாலு செக்கன் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பாவுக்கு ஓட ஏலாது," என்றாள் சாந்தி. "முழங்கால் மடங்காது. அவர் நடந்துதான் போயிருப்பார்."

மாமா, நாலு வருடமாக என் நினைவில் நீங்கள் ஓடிக்கொண்டிருந்தீர்கள். இப்போது நடக்கிறீர்கள்.